கிட்டாரின் ஃப்ரெட்டும் சுருதிக் கணக்கும்: வாசகர் கேள்வி–பதில்

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை, அதாவது ஃப்ரெட்டுகளை, ஏன் எல்லோரும் ஒரே மாதிரி அமைக்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகக் கிட்டார் கற்று வருகிறேன். ஈ மேஜர் கார்ட் (பல தந்திகளில் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) இனிமையாக ஒலிக்கும்வரை மூன்றாம் தந்தியைச் சற்றுத் தளர்த்தினால், அடுத்து வாசிக்கும் சி மேஜரும் ஜி மேஜரும் கசந்துவிடுகின்றன. அவற்றைச் சரிசெய்தால் ஈ மேஜர் கெடுகிறது. சுருதி காட்டும் ட்யூனரோ எல்லாத் தந்திகளும் சரியாக இருப்பதாகவே காட்டுகிறது. கடைக்காரர் கிட்டாரை மாற்றிவிடச் சொல்கிறார். குறை கருவியில் இருக்கிறதா, என் காதில் இருக்கிறதா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கிட்டாரை மாற்றாதீர்கள். உங்கள் காது கேட்டது உண்மை. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஃப்ரெட் உள்ள கருவியை வாசித்தவர்கள் கேட்டு வருந்திய கசப்புத்தான் அது.

நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டும்போது, யாரும் தொடாத அந்தர காந்தாரம் ஒன்று தானாக எழுந்து காற்றில் நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். அது ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது சீரிசை, அதாவது தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கில் அதனோடு சேர்ந்தே எழும் ஒலி. அதை ஷட்ஜத்தின் ஸ்தாயிக்குள் இறக்கிப் பார்த்தால் இரண்டின் அதிர்வெண்களும் 4-க்கு 5 என்ற விகிதத்தில் நிற்கும். மேல்நாட்டார் மேஜர் தேர்ட் என்று அழைக்கும் இடைவெளியின் இயற்கை வடிவம் இதுவே. ஒரு ஸ்தாயியை, அதாவது ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள தூரத்தை, 1200 சென்ட் என்று அளந்தால் இதன் அளவு 386 சென்ட். கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ ஸ்தாயியை 12 சம பாகங்களாக, பாகம் ஒன்றுக்கு 100 சென்ட்டாகப் பிரிக்கின்றன. ஆகவே அங்கே அதே இடைவெளி 400 சென்ட் ஆகிவிடுகிறது, அதாவது ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல். பஞ்சமத்தில் இந்த வேறுபாடு 2 சென்ட் மட்டுமே என்பதால் காது அதைப் பொறுத்துக்கொள்கிறது, காந்தாரத்தில் பொறுப்பதில்லை.

உங்கள் ஈ மேஜர் கார்டையே எடுத்துக்கொள்வோம். நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஈ ஒலிக்கிறது. அதன் அதிர்வெண் 164.8 ஹெர்ட்ஸ். மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஜி ஷார்ப், 207.65 ஹெர்ட்ஸ். முன்னதன் ஐந்தாவது சீரிசை 824-லும், பின்னதன் நான்காவது சீரிசை 830.6-லும் விழுவதால், இரண்டும் ஒன்றோடொன்று மோதி வினாடிக்கு ஆறரை முறை விம்முகின்றன. மூன்றாம் தந்தியைத் தளர்த்தியபோது நீங்கள் அடக்கியது இந்த விம்மலைத்தான். ஆனால் சி மேஜரில் அதே தந்தி விரல் படாமல் ஜி-யாக, அந்தக் கார்டின் பஞ்சமமாக ஒலிக்கிறது. நீங்கள் தளர்த்திய 14 சென்ட்டால் அந்தப் பஞ்சமம் 700-லிருந்து 686-க்கு இறங்கிவிடுகிறது. ஜி மேஜரில் ஆறாம் தந்தியின் ஜி-யும் மூன்றாம் தந்தியின் ஜி-யும் ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளாக ஒட்டி நிற்க வேண்டும். அந்த ஒட்டும் விட்டுப்போகிறது. ட்யூனர் 12 சம பாகக் கணக்கை மட்டுமே அறியும் என்பதால், அந்தக் கணக்குப்படி எல்லாம் சரி என்று சொல்கிறது. அது பொய் சொல்லவில்லை.

ஃப்ரெட்டுகளை இயற்கை விகிதத்திலேயே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இயற்கையான காந்தார இடைவெளிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். சி-யிலிருந்து ஈ, ஈ-யிலிருந்து ஜி ஷார்ப், அங்கிருந்து இன்னும் ஒன்று ஏறினால் மேல் சி வந்து சேர வேண்டும். ஆனால் மூன்று முறை 386 என்பது 1159 தான். 1200-க்கு 41 சென்ட் குறைகிறது. ஆகவே ஈ-க்கு இனிமையான ஜி ஷார்ப்பும், மேல் சி-க்கு இனிமையான ஏ ஃப்ளாட்டும் இரண்டு வெவ்வேறு சுரங்கள். கிட்டாரில் இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃப்ரெட் இருக்கிறது. அதை எங்கே வைத்தாலும் ஒருவருக்கு அநீதி. சம பிரிப்பு அந்த அநீதியை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் ஏற்பாடு. அதனால்தான் எந்தச் சுரத்தைச் ஷட்ஜமாகக் கொண்டாலும் கிட்டார் ஒரே அளவு இனிமையாகவும் ஒரே அளவு கசப்பாகவும் ஒலிக்கிறது.

இந்த வேறுபாடு அளவுகோலிலேயே தெரியும். 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் நான்காம் ஃப்ரெட் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) 134.1 மில்லிமீட்டரில் இருக்கிறது; இயற்கையான காந்தாரத்துக்கு அது 130-இல் இருக்க வேண்டும். ஏழாம் ஃப்ரெட்டை, அதாவது பஞ்சமத்தை, அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும்.

கேள்வி: பாம்பு நெளிவதுபோல் வளைந்த ஃப்ரெட்டுகள் கொண்ட மின்கிட்டாரையும், விசிறிபோல் சாய்வாக விரிந்த ஃப்ரெட்டுகள் கொண்ட இன்னொரு கிட்டாரையும் காணொளியில் பார்த்தேன். இரண்டும் ஒரே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவையா? வாங்கலாமா?
— வாசகி, சென்னை

பதில்: இரண்டும் வெவ்வேறு. விசிறி ஃப்ரெட்டுக்கும் நாம் இங்கே பேசும் சுருதிப் பிரிப்புக்கும் தொடர்பே இல்லை. தடித்த தந்திகளுக்கு நீளம் கூடவும் மெல்லிய தந்திகளுக்கு நீளம் குறையவும் இருந்தால் இழுவிசை நன்றாக அமைகிறது; பியானோவிலும் யாழிலும் இருப்பதைப்போல. ஆறு தந்திக்கும் ஆறு நீளம் என்றால், ஒவ்வொரு தந்தியின் ஃப்ரெட் தூரமும் அதனதன் நீளத்துக்கேற்ப மாற வேண்டியிருப்பதால் ஃப்ரெட் சாய்கிறது. ஒவ்வொரு தந்தியும் அதே 12 சம பாகங்களாகத்தான் பிரிகிறது. அமெரிக்கரான ரால்ஃப் நோவாக் இந்த அமைப்புக்கு 1989-இல் காப்புரிமை பெற்றார்; ஆனால் சாய்ந்த ஃப்ரெட்டுகள் இங்கிலாந்தின் ஓர்ஃபேரியன் என்ற கருவியில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தன.

நெளிந்த ஃப்ரெட் வேறு கதை. சுவீடனைச் சேர்ந்த ஆன்டர்ஸ் தீடெல் உருவாக்கிய ட்ரூ டெம்பரமென்ட் என்ற அமைப்பு அது. ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒவ்வொரு தந்தியின் அடியிலும் அந்தத் தந்திக்கு வேண்டிய இடத்தில் வந்து நிற்கும்படி முன்னும் பின்னுமாக வளைகிறது. ஆறு சிறு ஃப்ரெட்டுகளை ஒரே கோட்டில் சேர்த்து வார்த்தது போன்றது. அது சரிசெய்யும் குறைகள் இரண்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கருவியைப் பற்றிய விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

முதலாவது, இயந்திரக் குறை. விரலால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் நீண்டு இறுகுகிறது, சுரம் ஏறுகிறது. தடித்த தந்தி விறைப்பாக இருப்பதால் அதன் அதிர்வு கணக்குச் சொல்வதிலிருந்து சற்று விலகுகிறது. இந்த ஏற்றம் தந்திக்குத் தந்தி, ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் மாறும். பிரிட்ஜின் மேல் தந்தி அமரும் இடத்தைச் சிறிது பின்தள்ளி வைப்பது இதற்கான பழைய மருந்து; நெளிந்த ஃப்ரெட் அதையே மிக நுட்பமாகச் செய்கிறது. இரண்டாவது, நான் கோவை மாணவருக்கு எழுதிய சுருதிக் குறை. இதில் மருந்து என்று ஒன்று கிடையாது. யாருக்குச் சலுகை என்ற தீர்மானம் மட்டுமே உண்டு. கிட்டாரில் அடிக்கடி வரும் கார்டுகளின் காந்தாரத்தைச் சற்று இறக்கி, அரிதாக வருபவற்றின் மேல் சுமையை ஏற்றுவது ஒரு வழி.

ஆகவே வாங்குமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, நீங்கள் வாசிக்கும் பாட்டுகள் எந்தச் சுரங்களில் நிற்கின்றன என்பதே. தந்தியின் கனத்தையோ சுருதி சேர்க்கும் முறையையோ மாற்றினால், அந்த நெளிவு எந்தக் கணக்குக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கணக்கே மாறிவிடும். தேய்ந்துபோனால் சாதாரண ஃப்ரெட் கம்பியை வளைத்து அடித்துச் சமாளிக்கவும் இயலாது. முதலில் உங்களிடம் இருக்கும் கிட்டாரின் நட்டையும் பிரிட்ஜையும் நல்ல கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்துச் சீர்செய்து பாருங்கள் என்பதே என் கருத்து. இயந்திரக் குறையின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீணையில் மெட்டுகளை, அதாவது வீணையின் ஃப்ரெட்டுகளை, மெழுகில் பதிக்கிறார்கள். சுரம் விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி மறுபடியும் மேளம் கட்டிக்கொள்கிறோம் (மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாக அமைப்பதை அப்படிச் சொல்வோம்). இவ்வளவு எளிய வழி இருக்கும்போது மேல்நாட்டார் ஏன் ஃப்ரெட்டை மரத்தில் அடித்து இறுக்கினார்கள்?
— வீணை ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கேள்வி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது, அம்மா. அவர்களும் தொடக்கத்தில் இறுக்கவில்லை. ஐரோப்பாவின் லூட், வயல் போன்ற கருவிகளில் ஆட்டுக்குடல் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி அதையே ஃப்ரெட்டாகப் பயன்படுத்தினார்கள், வேண்டும்போது நகர்த்தினார்கள். ஆனால் கட்டிய நரம்பு எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே நேராகத்தான் போகும். அக்காலத்து ஆர்கன்களிலும் ஹார்ப்சிகார்டுகளிலும் காந்தாரம் இயற்கை அளவில் வரும்படி சுருதி சேர்த்தார்கள். அந்த முறையில் அரைச் சுரங்கள் இரண்டு அளவில் அமைந்தன, ஒன்று 117 சென்ட், மற்றொன்று 76 சென்ட். இதை அதே 650 மில்லிமீட்டர் கிட்டாரில் பொருத்திப் பாருங்கள். முதல் ஃப்ரெட் ஈ தந்தியில் எஃப் தர வேண்டும். அதற்கு அது நட்டிலிருந்து 42.5 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அதே ஃப்ரெட் ஜி தந்தியில் ஜி ஷார்ப் தர வேண்டும். அதற்கு 28 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். ஒரே நரம்பு எப்படி இரண்டு இடத்தில் நிற்கும்?

இதனால் லூட் வாசித்தவர்கள் பெரும்பாலும் சம பிரிப்பின் பக்கம் சாய்ந்தார்கள். வானியலாளர் கலிலியோவின் தந்தையும் லூட் கலைஞருமான வின்சென்சோ கலிலேய் 1581-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதமுள்ள தந்தி நீளத்தில் 18-இல் ஒரு பங்கைக் குறைக்கும்படி வைக்கச் சொன்னார். சரியான சம பிரிப்புக்கு 17.817 என்ற எண் வேண்டும். அவருடைய 18-ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் ஃப்ரெட் பாதித் தூரத்துக்கு 2.4 மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிடும். கணக்கில் இது பிழை. ஆனால் விரல் அழுத்தத்தால் சுரம் ஏறுவதை நினைவில் கொண்டால், அந்தப் பிழை கைக்கு உதவியாகவே அமைந்தது. கைவினையில் நீண்ட நாள் நிலைத்த விதிகளுக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒரு நியாயம் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

ஃப்ரெட்டுகள் உலோகமாகி மரத்தில் பதிந்த பிறகும் சிலர் சமாதானம் அடையவில்லை. இங்கிலாந்துப் படைத்தளபதியும் அரசியல்வாதியுமான தாமஸ் பெரோனெட் தாம்சன், கழுத்துப் பலகை முழுதும் துளையிட்டு, வேண்டிய துளையில் சிறு ஃப்ரெட்டைச் செருகிக்கொள்ளும் கிட்டாரை வடிவமைத்து, அதை வாசிக்கும் முறையைத் தன் மகளுக்குச் சொல்வதாக 1829-இல் ஒரு நூலும் எழுதினார். பாரிஸ் கைவினைஞர் ரெனே லாகோட் 1850-களில் நகர்த்தக்கூடிய ஃப்ரெட்டுகளோடு கிட்டார் செய்தார். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வால்டர் ஃபோக்ட் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் தனித்தனிப் பள்ளம் வெட்டி, அதில் சிறு ஃப்ரெட் துண்டுகள் வழுக்கிச் செல்லும்படி அமைத்தார். இஸ்தான்புல்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் தோல்காஹான் சோவுலு, துருக்கிய மகாம்களை (நம் ராகங்களைப் போன்றவை) வாசிப்பதற்காக 2008-இல் இந்த வழியை மேலும் வளர்த்து, துண்டுகளை வேண்டியபோது சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற கருவியை வடிவமைத்தார். 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் நடத்தும் புதிய இசைக்கருவிகளுக்கான போட்டியில் அது முதல் பரிசு பெற்றது. உங்கள் மெழுகுக்கு மிக நெருங்கிய உறவினர் இவர்தான்.

ஆனால் மெழுகு வீணைக்கு ஏன் போதுமானதாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீணையில் ஷட்ஜம் கச்சேரி முழுதும் அசைவதில்லை, கார்ட் கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு தந்தியில்தான் ராகம் நடக்கிறது. தந்திகளும் ஷட்ஜம், பஞ்சமம் என்ற இரண்டு சுரங்களில் மட்டுமே நிற்பதால், ஷட்ஜத் தந்தியில் இயற்கையான அந்தர காந்தாரம் தரும் மெட்டு, பஞ்சமத் தந்தியில் இயற்கையான காகலி நிஷாதத்தைத் தானாகவே தந்துவிடுகிறது. ரிஷபத்தில்தான் இடறும். 9-க்கு 8 என்ற அளவில் சதுச்ருதி ரிஷபம் தரும் மெட்டில் பஞ்சமத் தந்தியை மீட்டினால், கிடைக்கும் தைவதம் 5-க்கு 3 என்ற இயற்கை அளவைவிட 22 சென்ட் உயர்ந்து நிற்கும். இதை உங்கள் இடக்கை எத்தனையோ முறை உணர்ந்து, கமகத்தால் மூடியிருக்கும். கிட்டார் ஒரே பாட்டுக்குள் ஆறு சுரத்தை ஆறு தந்தியில் ஒன்றாக ஒலித்துக்கொண்டு, அடுத்த நொடியில் ஷட்ஜத்தையே மாற்றிவிடுகிறது. அதற்கு மெழுகின் வேகம் போதாது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்ற கொள்கையை மறுத்து, ஸ்தாயியைச் சமமான 12 ஆகவும், பிறகு சமமான 24 ஆகவும் பிரிப்பதே தமிழிசையின் முறை என்று விரிவான கணக்குகளோடு வாதிட்டார். அவர் முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. தம்புராவின் காந்தாரம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆனால் காதின் கேள்வியை எண்ணாக மாற்றி, பக்கம் பக்கமாக எழுதி வைத்த அந்த உழைப்பைத் தொழாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: 12 பாகம் போதவில்லை என்றால் ஃப்ரெட்டுகளை இரட்டிப்பாக்கி 24 ஆக்கினால் காந்தாரம் சரியாகிவிடாதா?
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மதுரை

பதில்: ஆகாது. 24 பாகத்தில் ஒரு படி 50 சென்ட். 386-க்கு அருகில் உள்ள படிகள் 350-உம் 400-உம் தான். பழைய காந்தாரமே மிஞ்சும். அரபு, துருக்கிய இசையை ஒத்த இடைச்சுரங்கள் வேண்டுவோர் 24-ஐ நாடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிங் கிஸார்ட் இசைக்குழு 2017-இல் அத்தகைய கிட்டாரைக் கொண்டே ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. காந்தாரத்தை நாடுவோருக்கு 31 நல்ல எண்: காந்தாரம் 387 சென்ட், பஞ்சமம் 697. 53 பாகத்தில் இரண்டுமே மிக நெருங்கி வருகின்றன: 385, 702. ஆனால் 650 மில்லிமீட்டர் தந்தியில் 53 பாகம் பிரித்தால் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது 4 மில்லிமீட்டர். அங்கே விரல் நுழையாது. 31-இல் அதே இடம் 7 மில்லிமீட்டர், பழகினால் முடியும்.

அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் இந்தக் கூட்டலை எல்லாம் விட்டுவிட்டு, தாம் எழுதப்போகும் பாட்டுக்கு வேண்டிய இயற்கை விகிதங்களில் மட்டும் ஃப்ரெட் பதித்த உலோகக் கிட்டாரைச் செய்வித்தார். சண்டிகரின் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்தின் பெயரில் அவர் எழுதிய கடைசிப் படைப்பு அந்தக் கிட்டாருக்காகவே எழுதப்பட்டது. ஒரு பாட்டுக்கு ஒரு கருவி என்பது செலவான நேர்மை; எனக்கு அது பிடித்திருக்கிறது.

கேள்வி: ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட்டுகளில் ஹார்மானிக் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும்போது எழும் சீரிசை) எழுப்பித் தந்திகளை ஒன்றோடொன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு ஜோடியும் விம்மல் இல்லாமல் சேர்கிறது. ஆனாலும் முழுக் கார்ட் வாசித்தால் சரியில்லை. ஏன்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஹார்மானிக் தருவது இயற்கை விகிதம், உங்கள் ஃப்ரெட் தருவது சம பிரிப்பு. விம்மல் இல்லாத மத்திம இடைவெளி 498 சென்ட், ஃப்ரெட்டுக்கு வேண்டியதோ 500. ஆறாம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்திக்கு மூன்று படி ஏறும்போது மும்முறை 2 சென்ட் குறைந்து, ஜி தந்தி 6 சென்ட் இறங்கிவிடுகிறது. பி தந்தியை ஆறாம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட் ஹார்மானிக்கோடு சேர்த்தால் அது 2 சென்ட் ஏறுகிறது. இரண்டுக்கும் இடையிலான காந்தாரம் 400-க்குப் பதில் 408 ஆகிறது. ஏற்கெனவே மிகுந்திருந்தது இன்னும் மிகுகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் தந்தியின் ஈ-யை மட்டும் ட்யூனரில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாம் தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதை ஒன்பதிலும், நான்காவதைப் பதினான்கிலும் அழுத்தி, அந்த ஈ-யோடு ஒன்றும்வரை சேருங்கள். ஐந்தாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஒரு ஸ்தாயி கீழேயும், ஆறாவதை விரல் வைக்காமல் மீட்டினால் இரண்டு ஸ்தாயி கீழேயும் அதே ஈ கிடைக்கும். எல்லாத் தந்திகளும் ஒரே சுரத்தைச் சாட்சியாகக் கொள்வதால் பிழை ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. முடித்தபின் ஈ மேஜரில் நான்காம், மூன்றாம் தந்திகளை மட்டும் மீட்டிக் கேளுங்கள். விம்மல் வினாடிக்கு ஆறேழு முறை வந்தால் உங்கள் கிட்டார் சரியாகச் சேர்ந்திருக்கிறது.